எக்சென்ட்ரிசிட்டி: கணக்குலயும் வானத்துலயும் மனுஷங்ககிட்டயும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கேள்வி: எக்சென்ட்ரிசிட்டின்னா என்ன, சுருக்கமா சொல்ல முடியுமா?

நடுவுல இருக்கும்னு நாம எதிர்பார்க்கிற ஒண்ணு நடுவுல இல்லாம எவ்வளவு தள்ளி இருக்குங்கிறது தான். கணக்குல அது ஒரு நம்பர், பாடப்புத்தகத்துல மையத்தொலைத்தகவுன்னு போட்டிருக்கும். வானியல்ல அதே நம்பர் தான், ஆனா ஒரு கோளோ வால் நட்சத்திரமோ போற பாதைக்கு. மனுஷங்க விஷயத்துல நம்பர் கிடையாது, ஊரே ஒரு பக்கம் போகும்போது தன் பாட்டுக்கு வேற ஒண்ணைச் சுத்தி வாழ்க்கையை அமைச்சுக்கிட்டவங்களைச் சொல்றோம். கீழே ஃபார்முலாவுல ஈ-ன்னு (இங்கிலீஷ் எழுத்து e) எங்கெல்லாம் போட்டிருக்கோ அதெல்லாம் எக்சென்ட்ரிசிட்டி.

கேள்வி: கணக்குல இருக்கிற ஒரு வார்த்தை மனுஷங்களுக்கு எப்படி வந்துச்சு?

உண்மையில வானத்துல இருந்து தான் ரெண்டுக்கும் வந்துச்சு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டுல ஹிப்பார்க்கஸ்னு ஒரு கிரேக்க வானியல் அறிஞர், அவருக்கு ஒரு சிக்கல். சூரியன் பூமியை நடுவுல வச்சு வட்டமா ஒரே வேகத்துல சுத்துதுன்னா வருஷத்தோட நாலு பாகமும் ஒரே நீளம் இருக்கணும், ஒவ்வொண்ணும் 91 நாள் சொச்சம். ஆனா எண்ணிப் பார்த்தா வசந்த காலம் 94½ நாள், கோடை 92½ நாள், மத்த ரெண்டும் அதை விடக் கம்மி. வட்டத்தையும் விட மனசில்ல, ஒரே வேகத்தையும் விட மனசில்ல, அதனால பூமியை மையத்துல இருந்து கொஞ்சம் நகர்த்தி வச்சார், ஆரத்துல 24-ல 1 பங்கு. கணக்கு சரியா வந்துடுச்சு. அந்த மாதிரி மையம் தள்ளின வட்டத்துக்குத் தான் கிரேக்கத்துல இந்தப் பேரு, ‘மையத்துக்கு வெளியே’ன்னு அர்த்தம். பிறகு டாலமிங்கிற இன்னொரு வானியல் அறிஞர் இதையே எடுத்துக்கிட்டார், அதுக்கப்புறம் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் இதுதான் ஓடிச்சு. 17-ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷ்ல மனுஷங்களுக்கும் இதைச் சொல்ல ஆரம்பிச்சாங்க.

ஹிப்பார்க்கஸ் தள்ளி வச்ச தூரம் இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச பூமியோட எக்சென்ட்ரிசிட்டியைப் போல சுமார் ரெண்டரை மடங்கு. அவர் தப்பா அளந்துட்டார்னு சட்டுனு சொல்லிட வேண்டாம், ஒரே வேகம்னு பிடிவாதமா வச்சுக்கிட்டா வேக வித்தியாசத்தையும் சேர்த்து அந்த ஒரு நகர்த்தல்லயே காட்டியாகணும், அப்போ சுமார் ரெண்டு மடங்கு தள்ளித் தான் ஆகணும். டெலஸ்கோப்பே இல்லாத காலத்துல நாள்களை எண்ணியே இந்த அளவுக்கு வந்தது பெரிய விஷயம்.

கேள்வி: கணக்குல சரியான டெஃபனிஷன் என்ன?

ஒரு புள்ளி, ஒரு நேர்கோடு எடுத்துக்கோங்க. புள்ளிக்குப் பேரு குவியம், கோட்டுக்குப் பேரு இயக்குவரை. இப்போ வேற ஒரு புள்ளி நகர்ந்துகிட்டே இருக்கு, எங்க போனாலும் ‘குவியத்துல இருந்து தூரம் ÷ இயக்குவரையில இருந்து தூரம்’ மாறவே கூடாதுன்னு கண்டிஷன். அந்த மாறாத நம்பர் தான் ஈ. அது 1-ஐ விடக் கம்மின்னா நீள்வட்டம் வரும், சரியா 1-னா பரவளையம், 1-ஐ விட ஜாஸ்தின்னா அதிபரவளையம். வட்டத்துக்கு 0.

பரீட்சைக்கு இது போதும், ஆனா இதை மட்டும் படிச்சா மனசுல எதுவும் ஒட்டாது. அதுக்கு நூலும் ரெண்டு குண்டூசியும் எடுத்து வரைஞ்சே பார்க்கணும். அட்டையில ரெண்டு ஊசி குத்துங்க, 20 செ.மீ நூலோட ஒரு முனையை ஒரு ஊசியிலயும் இன்னொரு முனையை அடுத்த ஊசியிலயும் கட்டுங்க (முடிச்சுக்குப் போறது போக நடுவுல 20 செ.மீ இருக்கணும்), பென்சிலால நூலை விறைப்பா இழுத்துப் பிடிச்சுகிட்டே சுத்துங்க. வர்றது நீள்வட்டம், ஊசிங்க ரெண்டும் குவியங்கள். இதுல ஈ என்னன்னா ஊசிகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை நூல் நீளத்தால வகுத்தா போதும். ஊசி இடைவெளி 4 செ.மீன்னா 4 ÷ 20 = 0.2, அவ்வளவு தான் கணக்கு.

கேள்வி: அப்போ ஈ = 0.5-னா வட்டம் பாதிக்குச் சப்பையாகி இருக்கும்னு எடுத்துக்கலாமா?

கூடாது. இந்த ஒரு குழப்பத்தைத் தீர்க்கணும்னு தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எக்சென்ட்ரிசிட்டி சப்பையை அளக்கிறது இல்ல, குவியம் மையத்துல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு அளக்குது. ரெண்டும் சம்பந்தப்பட்டது தான், ஆனா ஒரே வேகத்துல வளராது. அதே 20 செ.மீ நூலுக்குப் பாருங்க. ஊசி இடைவெளி 4 செ.மீ வச்சா (ஈ = 0.2) நீள்வட்டத்தோட நீளம் 20 செ.மீ, அகலம் 19.6 செ.மீ, வட்டம்னே தான் சொல்லுவீங்க, ஆனா ஊசி ஒவ்வொண்ணும் நடுவுல இருந்து 2 செ.மீ தள்ளி நிக்கும், அது பளிச்சுனு தெரியும். இடைவெளி 10 செ.மீ வச்சா (ஈ = 0.5) அகலம் 17.3 செ.மீ, இப்பவும் பாதியா ஆகல. 18 செ.மீ வச்சா (0.9) அகலம் 8.7, இப்பத்தான் நிஜமாவே சப்பையா தெரியுது. ஹாலி வால் நட்சத்திரத்தோட ஈ 0.967, அதுக்கு அகலம் வெறும் 5 செ.மீ சொச்சம்.

காரணம் ஃபார்முலாவுல இருக்கு. அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் = (1 − ஈ × ஈ)-யோட வர்க்கமூலம். ஈ சின்னதா இருக்கும்போது அதை அதாலயே பெருக்கினா இன்னும் சின்னதாயிடும், அதனால வடிவத்துல ஒண்ணுமே தெரியாது, ஆனா மையம் மட்டும் தள்ளிப் போயிருக்கும். வெளிய இருந்து பார்த்தா ஒரு வித்தியாசமும் இல்ல, உள்ள எதைச் சுத்துதுன்னு பார்த்தா தான் விஷயம் தெரியும்.

கேள்வி: பூமியோட பாதை முட்டை மாதிரி நீளமா தானே புத்தகத்துல போட்டிருக்கு?

அது சாய்ஞ்ச கோணத்துல இருந்து பார்க்கிற மாதிரி வரைஞ்ச படம், வட்டத்தைக் கூட அப்படி வரைஞ்சா நீளமா தான் தெரியும். பூமியோட ஈ 0.0167. நம்ம 20 செ.மீ நூல்ல வரையணும்னா ரெண்டு ஊசிக்கும் நடுவுல 3.3 மி.மீ தான் இடைவெளி, அகலம் நீளத்தை விட 0.03 மி.மீ கூட குறையாது, பென்சில் கோட்டோட தடிமன் இதை விடப் பல மடங்கு. படம் பார்த்துப் பழகினதால பாதி பேரு மனசுல பூமி ஒரு நீள வாழைப்பழ ரூட்டுல ஓடிட்டு இருக்கு, அதுல இருந்து தான் அடுத்த கேள்வியும் வருது.

கேள்வி: சூரியனுக்குக் கிட்ட வரும்போது வெயில் காலம், தள்ளிப் போகும்போது குளிர் காலம், சரி தானே?

இல்லங்க. பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரத்துல, சுமார் 14.71 கோடி கி.மீ. ரொம்ப தள்ளி இருக்கிறது ஜூலை முதல் வாரத்துல, சுமார் 15.21 கோடி கி.மீ. ஜனவரியில வட பாதியில குளிர், தென் பாதியில கோடை, தூரம் தான் காரணம்னா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சூடாகணும் இல்லையா. காரணம் பூமியோட அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ஞ்சிருக்கிறது.

எக்சென்ட்ரிசிட்டிக்கு வேலையே இல்லன்னும் சொல்ல முடியாது. ஜூலையை விட ஜனவரியில பூமி மொத்தமா வாங்குற வெயில் கிட்டத்தட்ட 7 சதவீதம் ஜாஸ்தி. கிட்ட இருக்கும்போது வேகமா ஓடுது, நொடிக்கு 30.3 கி.மீ, தள்ளி இருக்கும்போது 29.3 கி.மீ, அதனால வட பாதியில கோடை 93 நாளுக்கு மேல இழுக்குது, குளிர்காலம் சுமார் 89 நாள்லயே முடிஞ்சுடுது.

செவ்வாய்ல இது லேசான விஷயம் இல்ல. அங்க ஈ 0.093, கிட்ட இருக்கும்போது வர்ற வெயில் தள்ளி இருக்கும்போது வர்றதை விட 45 சதவீதம் ஜாஸ்தி, தெற்குப் பக்கம் கோடை வர்ற சமயம் பார்த்து சூரியனும் கிட்ட வந்துடுது, கோளையே மூடுற பெரிய புழுதிப் புயல்கள் பெரும்பாலும் அந்தக் காலத்துல தான் கிளம்புது.

கேள்வி: மத்த கோள்களுக்கு எவ்வளவு?

வெள்ளி தான் ரொம்ப ஒழுங்கு, 0.007, நெப்டியூன் 0.009, வியாழன், சனி, யுரேனஸ் மூணும் 0.05-ஐ ஒட்டி. எட்டுக் கோள்ல ஜாஸ்தி புதன், 0.206. அங்க சூரிய தூரம் 4.6 கோடியில இருந்து 7 கோடி கி.மீ வரைக்கும் மாறுது. புதன்ல நின்னு பார்த்தா ஒரு அதிசயம் நடக்கும், சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்ற நாள்கள்ல கோள் ஓடுற வேகம் அது தன்னைத்தானே சுத்துற வேகத்தை மிஞ்சிடும், அதனால வானத்துல சூரியன் போயிட்டு இருக்கிறது நின்னு, கொஞ்சம் பின்னாடி போயி, மறுபடி முன்னாடி கிளம்பும்.

புளூட்டோவுக்கு 0.25. அதனால தான் 1979-ல இருந்து 1999 வரைக்கும் அது நெப்டியூனை விட சூரியனுக்குக் கிட்ட இருந்துச்சு. ரெண்டும் மோதிக்காது, நெப்டியூன் 3 சுத்து சுத்தினா புளூட்டோ 2 சுத்துன்னு ஒரு கணக்குல பூட்டின மாதிரி ஓடுது.

கேள்வி: கோள்கள் நீள்வட்டத்துல ஓடுதுன்னு வானியல் அறிஞர் கெப்ளர் எப்படிக் கண்டுபிடிச்சார்? வடிவமே தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்களே?

நல்ல கேள்வி, எனக்கு இந்தக் கதை ரொம்ப பிடிக்கும். டைக்கோ பிராஹேன்னு டென்மார்க்காரர், டெலஸ்கோப் வர்றதுக்கு முன்னாடி வெறும் கண்ணால பெரிய பெரிய கருவிகளை வச்சு வருஷக்கணக்கா கோள்களோட இடத்தைக் குறிச்சு வச்சிருந்தார். கெப்ளர் 1600-ல அவர்கிட்ட வேலைக்குச் சேர்ந்தார், கையில வந்தது செவ்வாய். இது அதிர்ஷ்டம்னு தான் சொல்லணும், ஏன்னா கண்ணால வசதியா பின்தொடரக் கூடிய கோள்கள்ல எக்சென்ட்ரிசிட்டி ஜாஸ்தி இருக்கிறது செவ்வாய்க்குத் தான், புதன் எப்பவும் சூரியனை ஒட்டியே இருக்கிறதால சரியா பார்க்கவே முடியாது. வெள்ளி கையில கிடைச்சிருந்தா வட்டமே பொருந்திப் போயிருக்கும், அவரும் திருப்தியா விட்டிருப்பார்.

மையம் தள்ளின வட்டத்தை வச்சு கெப்ளர் மாசக்கணக்கா கணக்குப் போட்டார், கடைசியில சில இடங்கள்ல மட்டும் 8 ஆர்க் நிமிஷம் இடிச்சுது. முழு நிலாவோட அகலம் சுமார் 30 ஆர்க் நிமிஷம், அதுல கால்வாசி தான் வித்தியாசம். வேற யாரா இருந்தாலும் பார்த்தவர் பிழைன்னு விட்டிருப்பாங்க. ஆனா டைக்கோ அவ்வளவு தப்பா பார்க்க மாட்டார்னு கெப்ளருக்குத் தெரியும், அதனால ரெண்டாயிரம் வருஷ வட்டத்தைத் தூக்கிப் போட்டார். கடைசியில 1609-ல நீள்வட்டம்னு வெளியிட்டார். செவ்வாயோட நீள்வட்டம் நம்ம நூல்ல வரைஞ்சா 20 செ.மீ நீளத்துக்கு அகலம் 19.91, வெறும் 0.9 மி.மீ குறைச்சல். அந்த 0.9 மி.மீ தான் வானியலை மாத்திச்சு.

டைக்கோவே பயங்கர எக்சென்ட்ரிக். இளவயசுல 1566-ல வாள் சண்டையில மூக்குல ஒரு பகுதி போயிடுச்சு, அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க உலோக மூக்கு ஒட்டிக்கிட்டே இருந்தார். தங்கம், வெள்ளின்னு எல்லாம் கதை உண்டு, 2010-ல கல்லறையைத் திறந்து எலும்பை ஆராய்ஞ்சதுல பித்தளைன்னு தெரிஞ்சுது.

கேள்வி: ஈ நாமே கணக்குப் போட சுலபமான வழி இருக்கா?

இருக்கு. ரொம்ப தள்ளின தூரத்துல இருந்து ரொம்ப கிட்ட இருக்கிற தூரத்தைக் கழிங்க, ரெண்டையும் கூட்டினதால வகுங்க. முடிஞ்சுது. ஆனா தூரத்தை நடுப்புள்ளியில இருந்து எடுக்கணும், தரையில இருந்து இல்ல, இங்க தான் நிறைய பேரு சறுக்குவாங்க.

மங்கள்யான் விண்கலத்தை எடுத்துப்போம். 2014 செப்டம்பர் 24-ல செவ்வாயைச் சுத்த ஆரம்பிச்சப்போ கிட்டத்துல சுமார் 422 கி.மீ உயரம், தூரத்துல சுமார் 76,994 கி.மீ உயரம். ரெண்டும் தரையில இருந்து அளந்தது, அதனால செவ்வாயோட ஆரம் சுமார் 3,390 கி.மீ-ஐ ரெண்டுலயும் கூட்டணும். 3,812, 80,384. கழிச்சா 76,572, கூட்டினா 84,196, வகுத்தா 0.91. ஆரத்தைக் கூட்டாம போட்டா 0.99 வரும், அது கிட்டத்தட்ட தப்பிச்சு ஓடுற பாதை, மொத்தமா வேற கதை. ஏன் இவ்வளவு நீளமான பாதைன்னா வட்டமா ஆக்கணும்னா இன்னும் நிறைய பிரேக் போடணும், அதுக்கு எரிபொருள் வேணும். போதாததுக்கு தூரத்துல இருந்து செவ்வாய் முழுசையும் ஒரே ஃபோட்டோவுல பிடிக்கிற வசதியும் கிடைச்சுது.

கேள்வி: வேணும்னே எக்சென்ட்ரிசிட்டி ஜாஸ்தி வச்சு சாட்டிலைட் விடுவாங்களா?

விடுவாங்க. சோவியத் காலத்துல கொண்டு வந்த மோல்னியா பாதை, ஈ சுமார் 0.74, 12 மணி நேரத்துக்கு ஒரு சுத்து. பூமத்திய ரேகைக்கு மேல நிக்கிற சாட்டிலைட் துருவத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அடிவானத்தோட ஒட்டித் தான் தெரியும், பிரயோஜனம் இல்ல. தூரத்துல போனா மெதுவா போகும்ங்கிறதை வச்சு, அந்தத் தூர முனையை வடக்குக்கு மேல வச்சுட்டாங்க, சாட்டிலைட் பெரும்பாலான நேரம் அங்கேயே மிதக்கிற மாதிரி இருக்கும், தெற்குப் பக்கம் மட்டும் விருட்டுனு ஓடி வந்துடும்.

கேள்வி: ஈ 1-ஐத் தாண்டினா என்ன ஆகும்?

திரும்பி வராது. சூரியனோட பிடியில இல்லாதது, ஒரு தடவை வந்து வளைஞ்சு போயிடும். 2017-ல பார்த்த ஓமுவாமுவாங்கிற விண்பொருளுக்கு 1.2, 2019-ல அமெச்சூர் வானியலாளர் போரிசோவ் கண்டுபிடிச்ச வால் நட்சத்திரத்துக்கு 3.36, 2025 ஜூலையில பார்த்த 3ஐ/அட்லஸ் வால் நட்சத்திரத்துக்கு 6-க்கும் மேல. இதெல்லாம் வேற நட்சத்திரக் குடும்பத்துல இருந்து வந்ததுன்னு உறுதியா சொல்றதுக்குக் காரணமே இந்த நம்பர் தான்.

ஆனா 1-க்குக் கீழ இருந்தா எவ்வளவு கிட்டத்துல இருந்தாலும் திரும்பி வரும். ஹாலி 0.967, 1986-ல வந்துச்சு, 2023 டிசம்பர்ல தூர முனையைத் தொட்டுட்டுத் திரும்பிடுச்சு, 2061-ல மறுபடி வரும். சூரியன் பக்கம் நொடிக்கு 54 கி.மீ வேகம், அந்தக் கடைசியில நொடிக்கு 1 கி.மீ கூட இல்ல.

கேள்வி: நம்ம சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கிற கோள்கள் எப்படி?

அங்க வட்டத்தை எதிர்பார்த்துப் போனவங்களுக்கு அதிர்ச்சி தான். ஹெச்டி 80606 பின்னு ஒரு ராட்சச வாயுக் கோள், ஈ 0.93, சுமார் 111 நாளுக்கு ஒரு சுத்து, நட்சத்திரத்தை உரசிட்டு வர்ற நேரத்துல சுமார் 6 மணி நேரத்துக்குள்ள அதோட வெப்பம் 800 கெல்வின்ல இருந்து 1,500 கெல்வினுக்கு ஏறுறதை ஸ்பிட்சர் டெலஸ்கோப் பிடிச்சுது.

கேள்வி: பூமியோட ஈ எப்பவும் இதே தானா?

மாறும். மத்த கோள்கள் இழுக்கிறதால கிட்டத்தட்ட 0-க்கும் 0.06-க்கும் நடுவுல ஏறி இறங்குது, சுமார் 1 லட்சம் வருஷத்துல ஒரு ஏற்ற இறக்கம், அதுக்கு மேல 4.05 லட்ச வருஷத்துல இன்னொண்ணு. செர்பியாவைச் சேர்ந்த விஞ்ஞானி மிலன்கோவிச் இதையும் அச்சுச் சாய்வு மாறுறதையும் அச்சு தலையாட்டுறதையும் சேர்த்து பனியுகத்தோட பொருத்திக் காட்டினார். இப்போ பூமி சூடாகிறதுக்கு இதைக் காரணம் காட்டுறவங்க இருக்காங்க, அது பொருந்தாது, இது ஆயிரக்கணக்கான வருஷத்துல நகர்ற விஷயம்.

கேள்வி: கணக்குல வர்ற 2.718... அந்த ஈ-யும் இதுவும் ஒண்ணா?

ஒண்ணு இல்ல. எழுத்து மட்டும் தான் ஒண்ணு.

கேள்வி: வேற எங்கெல்லாம் இந்த வார்த்தை வரும்?

மெஷின்ல வரும், நடு விட்டுத் துளை போட்ட வட்டத் தட்டை அச்சுல மாட்டினா சுத்துறதை முன்னும் பின்னுமா தள்ளுறதா மாத்தலாம், நீராவி எஞ்சின்ல வால்வை ஓட்டினது அதுதான். ஃபோன் வைப்ரேட் ஆகிறதுக்கும் மையம் தள்ளின ஒரு குட்டி எடை சுத்துறதைப் பல ஃபோன்ல பயன்படுத்தினாங்க. ஜிம்ல எக்சென்ட்ரிக்னா பாரத்தைத் தாங்கிகிட்டே தசை நீளுற கட்டம், எடையை மெதுவா இறக்குறப்போ நடக்கிறது, மறுநாள் வலி வர்றது பெரும்பாலும் அதனால தான்.

கிராஃப் தியரியிலயும் (புள்ளிகளையும் அதை இணைக்கிற கோடுகளையும் பத்தின கணக்கு) ஒண்ணு இருக்கு. ஒரு ரயில் மேப்ல உங்க ஸ்டேஷன்ல இருந்து ரொம்ப தூரத்து ஸ்டேஷனுக்கு எத்தனை தாண்டணுமோ அதுதான் உங்க ஸ்டேஷனோட எக்சென்ட்ரிசிட்டி. எந்த ஸ்டேஷனுக்கு அது ரொம்பக் கம்மியோ அது தான் மையம். இங்க மையம்னு முன்கூட்டியே யாரும் வைக்கல, எல்லாரோட தூரத்தையும் பார்த்த பிறகு தான் மையமே கிடைக்குது. மனுஷங்க விஷயத்துக்கு நீள்வட்டத்தை விட இது தான் பொருத்தம்னு எனக்குத் தோணுது, ஏன்னா ஊர்லயும் நடு எதுன்னு இருக்கிறவங்களை வச்சுத் தான் முடிவாகுது. புதுசா ஒரு லைன் போட்டா மையமே வேற ஸ்டேஷனுக்குப் போயிடும்.

கேள்வி: சரி, யாரை எக்சென்ட்ரிக்னு சொல்றது? கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தாலே அப்படியா?

இல்ல. இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு தாவுறவங்க எக்சென்ட்ரிக் இல்ல, கவனத்தை இழுக்க வேஷம் போடுறவங்களும் இல்ல. எக்சென்ட்ரிக்கா இருக்கிறவங்க ரொம்ப ஒழுங்கா ஓடுவாங்க, ஆனா அவங்களுக்குக் குவியம் வேற இடத்துல இருக்கும், நமக்கு அது கண்ணுக்குத் தெரியாததால மறை கழண்ட கேஸுன்னு சொல்லிட்டுப் போயிடறோம். கணிதமேதை பால் எர்டோஷ் (1913–1996) வீடுன்னு ஒண்ணு வச்சுக்கல, ஒரு சூட்கேஸோட நாடு நாடா போயி நண்பர்கள் வீட்டுல தங்கி அவங்களோட உட்கார்ந்து கணக்குப் போடுவார், குழந்தைகளை எப்சிலான்னு கூப்பிடுவார், கணிதத்துல எப்சிலான்னா ரொம்பச் சின்ன அளவு. வெளிய இருந்து பார்த்தா தலைகால் புரியாத வாழ்க்கை. கணிதத்தை நடுவுல வச்சுப் பார்த்தா எல்லாமே ஒழுங்கா பொருந்துது, சுமார் 1,500 ஆய்வுக் கட்டுரை, 500-க்கும் மேல கூட்டாளிகள்.

எடின்பரோவுல டேவிட் வீக்ஸ்னு ஒரு உளவியலாளர் விளம்பரம் கொடுத்து ஆள் தேடி சுமார் ஆயிரம் பேரைப் படிச்சார். தானா வந்தவங்களை வச்சுச் செஞ்சதுங்கிறதால முழுசா நம்பி எடுத்துக்க முடியாது, ஆனா அவர் சொன்ன குணங்கள் பழகினவங்களுக்குப் பொருந்தும்: அடங்காத ஆர்வம், தான் வேற மாதிரின்னு சின்ன வயசுலயே தெரிஞ்சிருக்கிறது, அடுத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு கவலைப்படாதது, ஒரு விஷயத்துல சந்தோஷமா மூழ்கிக் கிடக்கிறது.

கேள்வி: மேதைகள் எல்லாருமே எக்சென்ட்ரிக் தானா?

நிச்சயமா இல்ல, எர்டோஷோட சேர்ந்து எழுதின நூத்துக்கணக்கான கணித அறிஞர்கள் சாதாரணமா குடும்பம் நடத்தினவங்க தான், அவங்களைப் பத்திக் கதை இல்லாததால நமக்குத் தெரியல. இங்கிலாந்து தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல வேற மாதிரி சொன்னார், ஒரு சமூகத்துல எவ்வளவு மேதைமையும் துணிச்சலும் இருக்கோ அந்த அளவுக்குத் தான் அங்க எக்சென்ட்ரிக் ஆளுங்களும் இருப்பாங்கன்னு. இது மேதைகளைப் பத்தின பேச்சு இல்ல, சமூகம் எவ்வளவு இடம் கொடுக்குதுங்கிறதைப் பத்தினது, அதை நான் ஒத்துக்கிறேன்.

ஆனா எக்சென்ட்ரிசிட்டிக்கு ஒரு விலையும் இருக்கு, அதைச் சொல்லாம புகழ்றது சரியில்ல. ஹென்றி கேவண்டிஷ் (1731–1810), இங்கிலாந்து விஞ்ஞானி, பெரும் பணக்காரர், ஆள்களைக் கண்டாலே ஒதுங்குவார், சாப்பாட்டுக்கு என்ன வேணும்னு கூட பேசாம சீட்டு எழுதி மேசையில வச்சுடுவார். அந்த மனுஷன் ஒரு மூடின அறையில ஈயக் குண்டுகளைத் தொங்க விட்டு, தான் உள்ள போனா உடம்புச் சூட்டுல காத்து அசைஞ்சு அளவு கெட்டுடும்னு வெளிய நின்னு டெலஸ்கோப் வழியா பார்த்து, பூமியோட அடர்த்தியை அளந்தார். 1798-ல வெளியிட்டது, இன்னிக்குத் தெரிஞ்ச, தண்ணியோட அடர்த்தியைப் போல 5.51 மடங்குங்கிறதுக்கும் அவர் அளவுக்கும் சுமார் 1 சதவீதம் தான் வித்தியாசம். அந்தப் பொறுமை அந்தத் தனிமையில இருந்து வந்தது தான். அதே தனிமையால மின்சாரத்துல கண்டுபிடிச்ச நிறைய விஷயத்தை வெளியிடவே இல்ல, 1879-ல இயற்பியல் அறிஞர் மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பிச்சப்போ தான் கூலும் விதியெல்லாம் (மின்னூட்டங்களுக்கு நடுவுல இருக்கிற விசையைச் சொல்றது) கூலுமுக்கு முன்னாடியே இவர் கையில இருந்துச்சுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சுது. நடுவுல மத்தவங்க எல்லாத்தையும் முதல்ல இருந்து கண்டுபிடிக்க வேண்டியதாச்சு.

கேள்வி: இது மனநோயா? வீட்டுல ஒருத்தர் இப்படி இருந்தா டாக்டர்கிட்ட போகணுமா?

வித்தியாசமா இருக்கிறதே நோய் இல்ல. பார்க்க வேண்டியது அவங்களுக்கு அதனால கஷ்டம் இருக்கா, அன்றாட வேலை முடங்குதா, தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்து இருக்கா. மருத்துவத்துல விசித்திரமான நடத்தையோட சேர்ந்த சில ஆளுமைக் கோளாறுகள் இருக்கு, ஆனா அதை முடிவு பண்றது டாக்டர் வேலை, ஒரு பட்டியலைப் படிச்சுட்டு சொந்தக்காரங்களுக்கு நாமளே பேர் வைக்கக் கூடாது.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றேன். சின்ன வயசுல இருந்தே ஒரே மாதிரி இருக்கிறவங்க வேற, ஐம்பது அறுபது வயசு வரைக்கும் ஒரு மாதிரி இருந்துட்டு சில மாசத்துல குணமே மாறுறவங்க வேற. கூச்சம் போயிடறது, வீட்டாள்கள் மேல இருந்த அக்கறை காணாம போறது, ஒரே சாப்பாட்டை விடாம கேட்கிறது, பணத்தைக் கண்டபடி செலவு பண்றது இதெல்லாம் புதுசா ஆரம்பிச்சா வயசாச்சு அப்படித்தான்னு விடாதீங்க, மூளையோட முன்பகுதியைப் பாதிக்கிற டிமென்ஷியா இப்படித்தான் தொடங்கும், ஞாபகம் அப்போ நல்லாவே இருக்கும். அதே மாதிரி திடீர்னு தூக்கமே இல்லாம அளவுக்கு மீறின உற்சாகம், யாரோ பின்தொடர்றாங்கன்னு பயம், இல்லாத குரல் கேட்கிறதுன்னா எந்த வயசுன்னாலும் நாள் கடத்தாம போயிடணும்.

கேள்வி: ஒரு ஆளோட எக்சென்ட்ரிசிட்டியை நம்பரா அளக்க முடியுமா?

முடியாது, அளக்க ஒரு நிலையான மையம் வேணும், அது ஊருக்கு ஊர் காலத்துக்குக் காலம் நகர்ந்துகிட்டே இருக்கு. நிலாவோடதை அளக்கலாம்.

கேள்வி: எப்படி? நானே செய்யலாமா?

தாராளமா. நிலா நமக்குக் கிட்ட வரும்போது சுமார் 3,56,500 கி.மீ வரைக்கும் வரும், தள்ளிப் போனா சுமார் 4,06,700 வரைக்கும் போகும், சூப்பர்மூன்னு சொல்றது கிட்ட இருக்கிற முழு நிலாவைத் தான். கிட்ட வர்ற பௌர்ணமி, தூரப் போற பௌர்ணமி ரெண்டோட தேதியையும் பார்த்து வச்சுக்கோங்க, ரெண்டு நாளும் ஒரே கேமரா, ஒரே ஜூம், நிலா மேல ஏறின பிறகு எடுங்க. அடிவானத்துல நிலா பெரிசா தெரியறது கண்ணோட மாயம், ஃபோட்டோவுல அது வராது, ஆனா அங்க காத்தால வட்டம் நசுங்கித் தெரியும். கம்ப்யூட்டர்ல ரெண்டு படத்துலயும் நிலாவோட அகலத்தை பிக்சல்ல அளந்து, பெரிசுல இருந்து சின்னதைக் கழிச்சு, ரெண்டோட கூட்டலால வகுங்க. உதாரணத்துக்கு 670 பிக்சல், 590 பிக்சல்னு வந்தா 80 ÷ 1,260 = 0.063. புத்தகத்துல நிலாவுக்கு 0.055-ன்னு இருக்கும், நம்ம அளவு கூட வருதேன்னு நினைக்காதீங்க, அது சராசரி, சூரியன் இழுக்கிறதால நிலாவோட பாதை மாசத்துக்கு மாசம் கொஞ்சம் நீளும் சுருங்கும், பெரிய சூப்பர்மூன் வர்ற சமயத்துல சராசரியை விட ஜாஸ்தியா தான் கிடைக்கும்.